கடல் கடப்போருக்கும் வான் பறப்போருக்கும் ஒட்சிசன்

நெடுந்தீவில் ஒருவருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறல் கண்டுவிட்டால், அவர் முதலிற் சேருமிடம் அத்தீவின் வைத்தியசாலை. அங்கே தீராத நோயென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அவரைக் கொண்டுசெல்ல வேண்டும். இடையிலே கடல் இருக்கின்றது. குறிகட்டுவான் துறைக்குப் படகிலே ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணை வழியாக நகரத்துக்குத் தரைமார்க்கமாக இன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோளகக் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இந்தக் கணக்கும் பொய்த்துப் போகும். அவசர வேளைகளிற் கடற்படையின் படகுகளும், சிற்சில சமயங்களில் வான்படையின் ஹெலிகொப்டரும் தீவக நோயாளரை ஏற்றிச் சென்றிருக்கின்றன. எதில் ஏறினாலும், ஒட்சிசன் வேண்டிய நோயாளிக்கு அது வழிநெடுகக் கிடைத்தாக வேண்டும். எந்தச் சாதனத்தினால், எவ்வளவு செலவில், எத்தனை நேரத்துக்கு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நேயர்களே, இந்தக் கேள்வி வைத்தியர்களுக்கு மாத்திரம் உரியதென்று ஒதுக்கிவிட இயலாது. எவருக்கு எவ்வளவு ஒட்சிசன் என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும் கருவிகளை வாங்கிக் கொடுப்போர் பலவேளைகளில் நாமே. கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சலாந்திலும் வாழும் தீவக மக்கள் தம் ஊரை மறந்தாரல்லர். கோயிற் சபைகளும் சனசமூக நிலையங்களும் பணம் திரட்டுகின்றன. 2021ஆம் ஆண்டிற் கொரோனா நோய் இந்தியாவிலும் இலங்கையிலும் பெருகி ஒட்சிசனுக்குத் தவித்த காலத்தின் பின்னர், அதுவே சிறந்த கொடை என்னும் எண்ணமும் பரவியுள்ளது. நல்ல எண்ணந்தான். ஆனால் விலைப்பட்டியலைப் பார்த்து வாங்குவது வேறு, பயணத்தை அளந்து வாங்குவது வேறு. பின்னதை மனிதன் முதலிற் கற்றது ஆகாயத்திலே. அதுவும் உயிரைக் கொடுத்தே கற்றான்.

1875ஆம் ஆண்டு ஏப்பிரில் 15ஆந் திகதி, பாரிசு நகரத்தில் சிவெல், குரோசே-ஸ்பினெல்லி, திசாந்தியே என்னும் மூவர் 'செனித்' என்ற வாயுக்கூண்டில் வானேறினர். உயரத்தில் மூச்சுக்கு உதவ ஒட்சிசன் கலந்த பைகளையும் உடன்கொண்டு சென்றனர். அத்துறையில் வல்லுநராகிய போல் பேர்ட் என்பார், கொண்டு செல்லும் அளவு போதாதென்று எழுதிய கடிதம் காலம் பிந்திச் சேர்ந்தது. இருப்பது கொஞ்சமே என்றறிந்த மூவரும், மிகவும் வேண்டிய வேளையில் அதை எடுத்துக்கொள்வோம் என்று சிக்கனம் பிடித்தனர். அந்த வேளை வந்தபோது குழாயை வாய்க்குக் கொண்டுவரக் கை எழவில்லை. கூண்டு 8,000 மீற்றருக்கு மேலேறித் தானே இறங்கியது. திசாந்தியே ஒருவரே உயிருடன் மீண்டார்; அவருடைய செவிப்புலனும் கெட்டுப்போயிற்று.

ஒட்சிசன் பையில் மிஞ்சியிருக்க மனிதர் இறந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். இக்குறையின் கொடுமை, அது வருத்தாமல் வருவதுதான். மூச்சுமுட்டு இல்லை, நோவு இல்லை. ஒருவகைக் களிப்புக்கூட உண்டாகும் என்று விமானிகள் கூறுவர். அறிவு முதலில் மங்குவதால், தனக்குக் குறையுண்டு என்று அறியும் ஆற்றலே முதலில் அழிகின்றது. கொரோனாக் காலத்தில் நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவர் இரத்தத்தில் ஒட்சிசன் அபாயமான அளவுக்கு இறங்கியிருந்ததை வைத்தியர்கள் கண்டு வியந்தார்களே, அதுவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

நம் பக்கத்து நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1933ஆம் ஆண்டு ஏப்பிரில் 3ஆந் திகதி, பீகாரிலுள்ள பூர்ணியாவுக்கு அருகிலிருந்து இரண்டு சிறு விமானங்கள் கிளம்பி, முதன்முறையாக எவரெஸ்ட் சிகரத்தின் மேலே பறந்தன. ஒன்றிலிருந்த படப்பிடிப்பாளர் பொனெற் என்பவருடைய ஒட்சிசன் குழாய் வழியிற் சேதமடைந்தது. அவர் தம் கைக்குட்டையை எடுத்து அந்த இடத்திற் சுற்றிக் கட்டினார், பின்னர் நினைவிழந்தார், விமானம் தாழ இறங்கியபின் தெளிந்தார். உலகப் புகழ்பெற்ற பறப்பொன்றில் ஒருவருடைய உயிர் ஒரு கைக்குட்டை முடிச்சில் தங்கியிருந்தது.

உயரத்தில் நிகழ்வது யாது? காற்றிலே ஒட்சிசன் நூற்றுக்கு 21 பங்கு. கடற்கரையிலும் அதே பங்கு, எவரெஸ்டின் உச்சியிலும் அதே பங்கு. மாறுவது அமுக்கம். ஏறத்தாழ 5,500 மீற்றர் உயரத்தில் அமுக்கம் பாதியாகின்றது. ஆகவே ஒரு மூச்சிற் கிடைக்கும் ஒட்சிசனும் பாதியாகின்றது. 2,400 மீற்றரில், அதாவது நமது பிதுருதலாகலை மலையின் உயரத்துக்குச் சற்றுக் குறைவான இடத்தில், அது நாலில் மூன்று பங்கு.

இப்போது நெடுந்தீவிலிருந்து எழும் ஹெலிகொப்டரைக் கருதுவோம். அது 300 மீற்றர் உயரத்திற் பறந்தால் அமுக்கம் நூற்றுக்கு நான்கு பங்குகூடக் குறைவதில்லை. எனவே இக்குறுகிய பறப்பில் உயரத்தைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது இரைச்சலும் அதிர்வுமே. சிலிண்டரிலிருந்து வாயு பாயும் ஓசையும் நோயாளியின் மூச்சொலியும் அங்கே காதில் விழா. கண்ணாற் பார்க்கும் மானியொன்றே சாட்சி. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு, உள்ளறை அமுக்கம் கூட்டப்படாத சிறு விமானத்தில் நோயாளியைக் கொண்டுசெல்ல நேர்ந்தால் நிலை வேறாகும். அது 3,000 மீற்றர் வரை ஏறுமாயின் நல்ல சுகதேகியின் அளவே 90ஐ அடுத்து இறங்கிவிடும். அளவு என்றது, இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒட்சிசனைச் சுமக்கின்றது என்பதை. கடற்கரையில் அது 95 முதல் 100 வரை இருப்பது இயல்பு. இந்த ஏற்ற இறக்கம் சீரான சரிவன்று. பரவைக்கடலில் முழங்கால் நீரில் நெடுந்தூரம் நடந்து செல்வோன், ஆழம் தொடங்கும் விளிம்பில் ஓரடி வைத்தவுடன் அமிழ்ந்து விடுகிறானல்லவா? 90 என்பது அந்த விளிம்பு. சுகதேகி விளிம்புக்கு வெகுதூரத்தில் நிற்கின்றான். நோயாளியோ புறப்படும்போதே விளிம்பில் நிற்கின்றார். ஆதலால் உயரப் பறக்கும் பயணத்துக்கு எவ்வளவு கூட்டவேண்டும் என்பதை ஏறுமுன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் அவசியம்.

சிறு விமானம் ஓட்டுவோருக்கு இவ்விடயத்திற் சட்டமே உண்டு. அமெரிக்க விதிப்படி 12,500 அடிக்கு மேல் 14,000 அடி வரை அரைமணிக்கு அதிகமாகப் பறக்கும் விமானி ஒட்சிசன் எடுக்க வேண்டும். 14,000 அடிக்கு மேல் எப்போதும் எடுக்க வேண்டும். 15,000 அடிக்கு மேலானால் ஏறிய யாவருக்கும் அது வழங்கப்பட வேண்டும். இவர்களிற் பலர் சொந்தப் பணத்திற் பறப்பவர்கள். சிறு விமானத்திலோ பாரம் ஏற்ற இடமில்லை. ஆகவே ஒட்சிசனை வீணாக்காத வழிகளை இவர்கள் தேடினர். மூக்கிற் செருகும் சாதாரண குழாயில் வாயு இடையறாது பாய்கின்றது. நாம் மூச்சை வெளிவிடும் நேரத்திலும் பாய்கின்றது. உள்ளிழுக்கும் நேரத்திலும் வெளிவிடும் நேரம் நீண்டதாகையால், பாய்வதிற் பெரும்பகுதி காற்றோடு போகின்றது. இதற்கு இரு பரிகாரங்கள் உள. ஒன்று, மூக்கின்கீழ் மீசைபோற் படிந்திருக்கும் சிறு பையுடைய குழாய். வெளிவிடும்போது பாயும் ஒட்சிசன் அப்பையில் தங்கி, அடுத்த மூச்சில் உள்ளே செல்லும். நெடுநாட் சுவாசப்பை நோயாளருக்காகத் தோன்றிய இதனை விமானிகளும் கைக்கொண்டனர். விலை சொற்பம், பற்றரி வேண்டியதில்லை, பழுதாகும் உறுப்பும் இல்லை. மற்றது, மூச்சு உள்ளிழுக்கப்படுவதை உணர்ந்து அந்தக் கணத்தில் மாத்திரம் வாயுவை விடும் மின்கருவி. இதனால் ஒரே சிலிண்டர் இரண்டு மூன்று மடங்கு நேரம் நிற்கும்.

மின்கருவியின் சிக்கனத்தைக் கண்டு நோயாளிக்கும் இதையே வாங்கலாமே என்று எண்ணத் தோன்றும். விமானி விழித்திருப்பவன், மூக்கால் ஒழுங்காக மூச்சு விடுபவன். மயங்கிக் கிடப்பவரும், வாயாற் காற்றிழுப்பவரும், குழந்தைகளும் அப்படியல்லர். அவர்களது மெல்லிய மூச்சைக் கருவி உணராது போகலாம். உணராதபோது ஒரு துளியும் விடாது. ஆகையால் அவசர நோயாளியின் கடற்பயணத்துக்கு இதனை நம்பி ஏறுதல் கூடாது. மீசைக்குழாயை, மிதமான அளவு ஒட்சிசன் போதிய, விழிப்போடிருக்கும் நோயாளிக்கு வைத்தியர் அனுமதித்தாற் பயன்படுத்தலாம்.

இனிச் சிலிண்டருக்கு வருவோம். ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டால் பலர் அதன் உயரத்தைக் கையாற் காட்டுகிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு இது. சிலிண்டரின் கொள்ளளவை இலீற்றரில் எடுங்கள், மானி காட்டும் அமுக்கத்தைப் 'பார்' என்னும் அலகில் எடுங்கள், இரண்டையும் பெருக்குங்கள். 5 இலீற்றர்ச் சிலிண்டரில் மானி 120 காட்டினால் உள்ளேயிருப்பது 600 இலீற்றர் வாயு. கடைசி வரை உறிஞ்ச இயலாதாகையால் 50 இலீற்றரைக் கழித்து 550 என்று வைத்துக்கொள்வோம். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 இலீற்றர் சென்றால் 275 நிமிடம். நாலரை மணிக்கும் மேல். ஆனால் பையுள்ள முகமூடிக்கு நிமிடத்துக்கு 10 இலீற்றரேனும் வேண்டும். அப்போது அதே சிலிண்டர் 55 நிமிடத்தில் முடிந்துவிடும். குறிகட்டுவான் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் இடத்திலே முடிந்துவிடும்.

நெடுந்தீவுப் பயணத்தை இவ்வாறு அளப்போம். துறைக்குச் செல்லவும் படகில் ஏற்றவும் அரைமணி, கடலில் ஒரு மணி, தரையில் ஒரு மணி. ஆக 150 நிமிடம். காற்றுக்கும் இயந்திரக் கோளாறுக்கும் வண்டித் தாமதத்துக்குமாக இதிற் பாதியைக் கூட்டினால் 225 நிமிடம். இருமடங்காக வைப்போரும் உளர். அது இன்னும் நன்று. நிமிடத்துக்கு 2 இலீற்றராயின் 450 இலீற்றர் போதும். ஒரு சிலிண்டரில் அடங்கும். நிமிடத்துக்கு 10 ஆயின் 2,250 இலீற்றர் வேண்டும். நான்கு சிலிண்டர்களும் அதற்குச் சற்றே போதா. ஒரே கடல், ஒரே படகு. ஒரு நோயாளிக்கு ஒன்று, மற்றவருக்கு ஐந்து. வைத்தியசாலைச் சுவரோரம் நிற்கும் ஆளுயரச் சிலிண்டரில் 6,000 இலீற்றருக்கு மேல் இருக்கும் என்பது உண்மையே. ஆடும் படகில் அதனை யார் ஏற்றுவது, எங்கே கட்டுவது?

சில மானிகள் 'பார்' காட்டாமல், சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று காட்டும். அந்த எண்ணை 14.5 ஆற் பிரித்துக்கொள்ள வேண்டும். 2,000 என்று கண்டு மகிழ்ந்துபோய்ப் பிரிக்க மறந்தால், இல்லாத வாயுவை இருப்பதாக நம்பிப் படகேறுவோம்.

ஒட்சிசன் செறிவாக்கி என்னும் இயந்திரம் வேறு வகை. அது காற்றையே உள்வாங்கி, சியோலைற்று என்னும் கனிமத் துகள்களினூடே செலுத்தி நைதரசனைப் பிடித்து வைத்து, நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் ஒட்சிசனுள்ள வாயுவைத் தருகின்றது. நிரப்ப வேண்டியதில்லை, ஆனால் மின்சாரம் அறாதிருக்க வேண்டும். பெருநில மின்வலையோடு இணையாமல் டீசற் பொறிகளை நெடுங்காலம் நம்பியிருந்த தீவுகளில் இது அற்ப விடயமன்று. நிமிடத்துக்கு 5 இலீற்றர் தரும் இயந்திரம் ஏறத்தாழ 15 கிலோகிராமும் அதற்கு மேலும் பாரமுடையது; வைத்தியசாலைக் கட்டிலருகே அதற்கு நிகரில்லை. பற்றரியில் இயங்கும் சிறியவையும் உண்டு. பெரிய விமானங்களிற் சொந்தச் சிலிண்டர் கொண்டேறப் பொதுவாக இடமில்லாமையால், பயணிகள் அங்கீகாரம் பெற்ற இத்தகைய சிறு செறிவாக்கிகளைக் கொண்டுசெல்கின்றனர். ஆயின் இவற்றிற் பெரும்பாலானவை மூச்சுக்கு மூச்சு விடும் இனத்தவை. முகமூடிக்கு வேண்டிய 10 இலீற்றரை இவை தரமாட்டா. விலையோ பெரிது. கொடையாளர் மனத்தை முதலிற் கவர்வதும் இதுவே! தோளிற் கொழுவிக்கொண்டு நடக்கும் அழகிய பெட்டியாகையால் புகைப்படத்தில் நன்றாக விழும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர் வாங்கவேண்டியது விரலிற் கவ்வும் ஒக்சிமீற்றர். ஜப்பானியராகிய தக்குவோ அவோயாகி என்பார் 1970களின் தொடக்கத்தில் இதன் தத்துவத்தைக் கண்டார். இன்று இது மிக மலிவு. திசாந்தியேயின் தோழர்கள் அறியாததை இது எண்ணாற் சொல்லிவிடுகின்றது. அளவு 90க்குக் கீழே இறங்கினால் ஒட்சிசன் கொடுக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கூடக் கொடுத்தால் கூட நன்மை என்றும் கொள்ளற்க. புகைபிடித்து நெடுநாட் சுவாசப்பை நோய் கொண்டவர்களுக்கு 88 முதல் 92 வரையே குறியாக வைப்பர். குளிர்ந்த விரலும், நகப்பூச்சும் இதனைப் பிழையாக்கலாம். இன்னொன்று, நம்மவர் அவசியம் அறியவேண்டியது. கருநிறத் தோலுடையோரில் இக்கருவி உள்ளதிலும் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020இல் அமெரிக்க வைத்தியர்கள் ஆராய்ந்து வெளியிட்டனர். எனவே 92 என்று கண்டவுடன் அமைதியடையாமல், நோயாளியின் முகத்தையும் மூச்சையும் பார்க்க வேண்டும்.

சங்கும் கடலட்டையும் எடுக்கக் கடலில் இறங்குவோர் முதுகிற் கட்டும் சிலிண்டரை 'ஒட்சிசன் சிலிண்டர்' என்று ஊரிலே சொல்லிப் பழகிவிட்டோம். அதில் அடைத்திருப்பது வெறுங்காற்று. நூற்றுக்கு 21 பங்குதான் ஒட்சிசன். தூய ஒட்சிசனோடு ஆழத்தில் இறங்கினால் அதுவே நஞ்சாகிச் சுழியோடிக்கு வலிப்பு உண்டாகும். அவசரத்தில் இந்தச் சிலிண்டரை ஓடிச்சென்று எடுத்துவந்து நோயாளியின் மூக்கிற் பிடித்தால், சன்னலைத் திறந்துவைத்ததற்கு மேல் ஒரு பயனும் இல்லை. வெல்டிங் பட்டறைச் சிலிண்டரிலிருப்பது ஒட்சிசனே. ஆயினும் சுவாசத்துக்கென்று சோதிக்கப்பட்டதன்று, அதற்குமுன் அந்தச் சிலிண்டரில் என்ன புகுந்திருந்தது என்பதற்கும் உத்தரவாதமில்லை. அதையும் தொடவேண்டாம்.

எண்ணெயும் ஒட்சிசனும் சேரக்கூடாது. கடலோடிகளாகிய நாம் உப்புக்காற்றில் இறுகிய திருகு எதைக் கண்டாலும் தேங்காயெண்ணெயோ கிறீசோ தடவும் வழக்கமுடையவர்கள். சிலிண்டர் வாயில் அப்படிச் செய்தால், உயர் அமுக்கத்திற் பாயும் ஒட்சிசனில் அந்த எண்ணெய் தீப்பற்றக்கூடும். 1967ஆம் ஆண்டு சனவரி 27ஆந் திகதி அமெரிக்கரின் அப்பலோ விண்கலத்தில், தரையில் நடந்த ஒத்திகையின்போது, தூய ஒட்சிசன் நிறைந்த அறையிற் பற்றிய தீ சில நொடிகளிற் பரவி வீரர் மூவரைப் பலிகொண்டது. படகில் எரிபொருட் கலனுக்கு அருகே சிலிண்டரை வைத்தலும், பக்கத்திலிருந்து சுருட்டுப் பிடித்தலும் அத்தகையனவே. சிலிண்டரை நிமிர்த்தியோ கிடத்தியோ இறுகக் கட்டவேண்டும். உருண்டு விழுந்து கழுத்து முறிந்தால் அது எறிகணைபோற் பாயும்.

நெடுந்தீவுக்கு ஒருவர் என்னைக் கேட்டு வாங்குவதாயின், வைத்தியசாலைக்கு ஒரு நல்ல செறிவாக்கி, அலுமினியத்தாலான 5 இலீற்றர்ச் சிலிண்டர்கள் ஐந்து, ஒக்சிமீற்றர் மூன்று என்று சொல்வேன். தோளிற் கொழுவும் சிறு செறிவாக்கி ஒன்றின் விலையை இவற்றுக்குப் பகிர்வதே மேல். நயினாதீவுக்குக் கணக்கு வேறு. குறிகட்டுவானுக்குக் கடல்வழி கால்மணி நேரமளவே ஆதலால் அங்கே தரைவழிக்கே கூடுதலான வாயு செலவாகும். அனலைதீவு, எழுவைதீவு மக்கள் படகில் ஊர்காவற்றுறைக்கு வந்து சேர்வதால், அவர்கள் அந்த வைத்தியசாலையோடு கலந்து முடிவு செய்தல் வேண்டும். எல்லாத் தீவுக்கும் ஒரே பட்டியல் அனுப்புவது பொருந்தாது.

சிலிண்டரைத் திறக்கும் சாவியை அதன் கழுத்திலேயே நூலாற் கட்டிவிடுங்கள். ரெகுலேற்றர் பொருந்தும் இடத்து வாசர் இரண்டு மேலதிகமாக அந்தக் கட்டிலேயே இருக்கட்டும். சதக்காசு அளவான அந்த வாசர் இல்லாவிட்டால் ஐந்து சிலிண்டரும் உதவா. உபயோகித்து முடிந்த சிலிண்டரில் 'வெறுமை' என்று சோக்கினால் எழுதி, அடுத்த படகிலேயே அக்கரைக்கு அனுப்பி நிரப்புவிக்க வேண்டும். அதை அனுப்புவது யார், நிரப்பியதைத் துறையிற் பொறுப்பேற்பது யார், ஏற்றுக்கூலி கொடுப்பது யார் என்பதைப் பணம் திரட்டும் கூட்டத்திலேயே பெயர் குறித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.